களிமண் தலையும் துணி உடம்பும்: முதலில் யோசிக்க வேண்டியது முகமா, இணைப்பா?

பதிவு 1 | நூலிழை

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை முழுக்கத் துணியில் மட்டுமே பொம்மை செய்துவந்தேன். இப்போது பல பொருள்களைச் சேர்த்து ஒன்று செய்ய ஆசை. தலை, முன்கை, பாதம் மூன்றும் பாலிமர் களிமண், அதாவது ஓவனில் சுட்டால் கெட்டியாகும் செயற்கைக் களிமண். உடம்பு காடா துணி, உள்ளே பஞ்சு, பஞ்சுக்கு நடுவே கம்பி. முடிக்கு மோஹேர் என்ற ஆட்டுரோமம். நின்றால் 40 செ.மீ. இருக்கும், ஆனால் நிற்கப்போவதில்லை. ஒரு வயதான பெண், மடியில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். யாரோ கூப்பிட்டதால் தலையைக் கொஞ்சம் திருப்பியிருக்கிறார். அவ்வளவுதான் காட்சி.

நான் பார்க்கிற செய்முறைகள் எல்லாமே முகத்தில் ஆரம்பிக்கின்றன. மூக்கு, இமை, உதடு என்று விரிவாகச் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் "உடம்போடு ஒட்டிவிடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் உறுத்துகிறது. கெட்டியான ஒன்றும் மெத்தென்ற ஒன்றும் சேருகிற இடத்தில்தானே பொம்மை பிரியும்? கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் மூன்றையும் நீங்கள் எப்படிப் பிடிக்க வைக்கிறீர்கள்? அதை எந்தக் கட்டத்தில் முடிவு செய்கிறீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிப்பேன்.

பதிவு 2 | கம்பிக்கூடு

கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். இணைப்பு முதலில், முகம் பிறகு. என்னைக் கேட்டால் இதில் இரண்டாம் பேச்சே கிடையாது.

தாளில் முழு அளவில், அதாவது 40 செ.மீ. உயரத்துக்கே, முன்பக்கமும் பக்கவாட்டும் வரையுங்கள். படம் அழகாக இருக்க வேண்டாம், கோடு போதும். களிமண் வரும் இடத்துக்கு ஒரு வண்ணம், துணி வரும் இடத்துக்கு ஒரு வண்ணம். இரண்டு வண்ணமும் தொடுகிற ஒவ்வோர் இடத்திலும் "இது எதனால் நிற்கிறது?" என்று எழுதுங்கள். "பசை" என்பதைத் தவிர வேறு எதுவும் எழுத வரவில்லை என்றால் அந்த இடத்தை மறுபடி யோசிக்க வேண்டும். நூல் கட்டும் பள்ளம், ஊசி நுழையும் துளை, மடித்த கம்பி என்று ஏதாவது ஒன்று அங்கே இருக்க வேண்டும்.

இன்னொன்று, களிமண்ணை மணிக்கட்டோடு நிறுத்தாதீர்கள். முன்கையின் பாதி வரை கொண்டுபோங்கள். மணிக்கட்டில் துணி ஆரம்பித்தால் கை எப்போதும் தொங்கியே இருக்கும், சட்டைக் கையும் அந்தச் சேர்க்கையை மறைக்காது. காலுக்கும் இதே கணக்குதான், பாவாடை எவ்வளவு இறங்குகிறதோ அதற்கு மேலே சேர்க்கை இருக்கட்டும்.

கம்பி: முதுகுக்கு 3 மி.மீ. அலுமினியம், அல்லது 2 மி.மீ. கம்பியை இரட்டையாக முறுக்கியது. கைக்கு 2 மி.மீ. போதும். இரும்பு வேண்டாம். வளைத்த பிறகும் நிமிரப் பார்க்கும், ஈரம் பட்டால் துருக்கறை துணியைத் தாண்டி வெளியே வரும். அலுமினியம் வைத்த இடத்தில் நிற்கும். ஆனால் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வளைத்தால் இறுகி முறிந்துவிடும். அதனால் உட்காரும் நிலையை முன்பே தீர்மானித்து, கம்பியை ஒருமுறை வளைத்து விட்டுவிடுவது நல்லது.

களிமண்ணுக்குள் போகும் முனையை வளையமாக மடியுங்கள். நேராக நுழைந்த கம்பி உள்ளே சுழல ஆரம்பிக்கும், வளையம் சுழலாது. பஞ்சுக்குள் போகும் பகுதிக்குக் கம்பளி நூலையோ துணிப்பட்டையையோ இறுக்கமாகச் சுற்றுங்கள். வெறுங்கம்பி பஞ்சைக் கிழித்துக்கொண்டு நகரும். அப்புறம் அது எங்கே போகிறது என்று உங்களால் சொல்லவே முடியாது.

பதிவு 3 | மண்விரல்

கம்பிக்கூடு சொன்ன கம்பி விவரமெல்லாம் சரி. வரிசையை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முகம் செய்யாமல் கழுத்தின் சாய்வு எப்படித் தெரியும்? "யாரோ கூப்பிட்டதால் திரும்பியிருக்கிறார்" என்கிறார் நூலிழை. அந்தத் திருப்பம் கண்ணில் தொடங்கித் தாடைக்கு வந்து, அதற்குப் பிறகுதான் கழுத்துக்கு வரும். முகம் உருவாகும்போதே தலை எவ்வளவு பெரிது, தாடை எவ்வளவு முன்னே வருகிறது என்பதெல்லாம் மாறும். முதலிலேயே உள்ளே இருக்கும் கம்பிக் கூட்டைப் பூட்டி வைத்துவிட்டால் முகம் அதற்கு அடிமையாகிவிடும்.

என் வழக்கம் இப்படி. அலுமினியத் தாளைக் கல்போல இறுக்கி உருட்டி, மண்டையின் உருவத்துக்குக் கொண்டுவருவேன். அதன்மேல் 5, 6 மி.மீ. தடிமனுக்கு மட்டுமே களிமண். தலை கனக்காது, வெப்பமும் உள்ளே வரை சமமாகப் போகும். அந்தத் தடிமனுக்கு 30 நிமிடம் தேவை. எத்தனை டிகிரி என்பது நீங்கள் வாங்கும் களிமண்ணைப் பொறுத்தது. ஃபிமோவுக்கு 110, ஸ்கல்ப்பி ப்ரீமோவுக்கு 135. உறையில் போட்டிருப்பதை அப்படியே பின்பற்றுங்கள். ஓவனின் குமிழ் காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே தனியாக ஒரு வெப்பமானி வையுங்கள். குறைவாகச் சுட்டது பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பிறகு காதும் விரலும் பொட்டென்று உடையும். அதிகமானால் பழுப்பேறும், இன்னும் அதிகமானால் கருகி நச்சுப்புகை வரும். இது பி.வி.சி. சேர்ந்த பொருள், அதனால் சமைக்கிற ஓவனைப் பயன்படுத்தாதீர்கள்.

கழுத்தோடு சேர்த்துத் தோள்பட்டையையும் களிமண்ணிலேயே செய்யுங்கள். முன்னால் நெஞ்சின் மேற்பகுதி வரை, பின்னால் முதுகின் மேற்பகுதி வரை இறங்கும் ஒரு தகடு. ஓரத்தில் முன்னும் பின்னுமாகத் துளைகள். சுடுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், ஓரத்திலிருந்து 4 மி.மீ.யாவது உள்ளே. துணி உடம்பின் மேல் இந்தத் தகடு உட்காரும், துளைகள் வழியே தைத்துவிடலாம். முன்கையின் மேல் முனையில் சுற்றிலும் ஒரு பள்ளம் எடுங்கள். துணிக்கையை அதன்மேல் இழுத்து, பள்ளத்தில் நூலைச் சுற்றிக் கட்டினால் போதும். பீங்கான் தலைப் பொம்மைக்காரர்கள் காலகாலமாகச் செய்துவருவதுதான் இது.

தைத்த பிறகு நான் பசையும் போடுவேன். அசையாத இடத்தில் பசை போடுவதில் ஒரு தவறும் இல்லை என்பது என் கட்சி.

பதிவு 4 | பழந்துணி

> அசையாத இடத்தில் பசை போடுவதில் ஒரு தவறும் இல்லை

மண்விரல் தம்பி, இந்த ஓர் இடத்தில் மட்டும் நான் உங்களோடு மல்லுக்கு நிற்பேன். பொம்மையில் அசையாத இடம் என்று எதுவும் இல்லை. துணி ஈரத்தில் விரிகிறது, வறட்சியில் சுருங்குகிறது. பஞ்சு வருடங்கள் போகப் போக அமுங்குகிறது. களிமண் இது எதற்கும் அசையாது. நடுவில் மாட்டிக்கொள்வது பசைதான். சூப்பர் க்ளூ இறுகினால் கண்ணாடிபோல நொறுங்கும், துணியில் பட்ட இடம் கட்டியாகும், பக்கத்தில் வெள்ளைப் படலம் படியும். ஹாட் க்ளூ வெயில் காலத்தில் இளகிவிடும். வழுவழுப்பான களிமண்ணிலிருந்து தோலாக உரிந்தும் வரும்.

எனக்குப் பழைய பொம்மைகளைச் செப்பனிடும் வேலைதான் அதிகம். தைத்துச் சேர்த்தது என்றால் நூலை வெட்டுகிறோம், பஞ்சை மாற்றுகிறோம், திரும்பத் தைக்கிறோம். பசை போட்டதைப் பிரிக்கும்போது துணியும் கையோடு வந்துவிடுகிறது. நாம் செய்த பொம்மையை என்றைக்காவது ஒருவர் திறந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அவருக்கு வழி விட்டுவைப்பது நம் பொறுப்பு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நூலிழைக்கு ஒரு தகவல். பிரெஞ்சுக் கலைஞர் எட்கர் தெகா 1881இல் பாரிஸில் காட்சிக்கு வைத்த 14 வயது நடனச் சிறுமியின் சிலையைத் தெரிந்திருக்கும். இப்போது பல அருங்காட்சியகங்களில் இருப்பவை அவர் இறந்த பிறகு வார்த்த வெண்கலப் பிரதிகள். அவர் கையால் செய்த மூலச்சிலை மெழுகு. அதன்மேல் உண்மையான துணிச்சட்டை, பாவாடை, தலைமுடி, ரிப்பன். அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் பலர் முகம் சுளித்தார்கள், சிற்பம் என்றால் ஒரே பொருளில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பிற்பாடு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது உள்ளே ஈயக்குழாய், கம்பி, மரம், கயிறு, தூரிகைக் காம்புகள்கூட இருந்தன. வெளியே தெரியும் அந்த நிமிர்வைத் தாங்கிக்கொண்டிருப்பது அந்தக் கூடுதான். கம்பிக்கூடு சொல்வதைப் படித்ததும் எனக்கு அது நினைவுக்கு வந்தது.

பதிவு 5 | புதுஊசி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். தனியாக ஓவன் வாங்க இப்போது வழியில்லை. காற்றில் காயும் களிமண்ணில் இதே பொம்மையைச் செய்யலாமா? சிலர் அது வெடிக்கும் என்கிறார்கள்.

பதிவு 6 | தக்கை

தாராளமாகச் செய்யலாம் புதுஊசி. நான் பாலிமர் பக்கம் போவதே இல்லை. பந்து மூட்டு வைத்த பொம்மைகள்தான் என் வேலை, எல்லாமே காற்றில் காயும் களிமண்.

வெடிப்பதற்குக் காரணம் ஒன்றுதான். அதில் தண்ணீர் இருக்கிறது, காயும்போது வெளியேறுகிறது, களிமண் சுருங்குகிறது. உள்ளே இருக்கும் கம்பியோ கட்டையோ சுருங்காது. சுருங்க இடமில்லாமல் மேல்பரப்பு பிளக்கிறது. அதனால் கம்பியைச் சுற்றி முதலில் மெல்லிய காகிதத்தையோ காகித நாடாவையோ சுற்றி ஒரு மெத்தை கொடுங்கள். களிமண்ணை மொத்தமாக அப்பாமல் மெல்லிய அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. அடுத்த அடுக்குக்கு முன்னால் பரப்பைக் கீறி, ஈரப்படுத்தி, அதே களிமண்ணைத் தண்ணீரில் கரைத்த கூழைத் தடவுங்கள். விசிறி, வெயில் எதுவும் வேண்டாம். மெதுவாகக் காயட்டும், அவ்வப்போது திருப்பி வையுங்கள். இதையெல்லாம் செய்தும் மயிரிழை வெடிப்பு வரத்தான் செய்யும். அதே கூழால் நிரப்பினால் போய்விடும்.

உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. தெர்மாகோல் உருண்டையின் மேல் களிமண்ணைப் போட்டு, காய்ந்ததும் மண்டையைக் காதுக்குப் பின்னால் வெட்டித் திறந்து உருண்டையை எடுத்துவிடலாம். தலை வெற்றிடமாக, இலேசாக இருக்கும். கண்ணை உள்ளிருந்து பொருத்தலாம், பிறகு மூடிக் கூழால் ஒட்டிவிடலாம். பாலிமர்காரர்கள் இதைச் செய்யக் கூடாது. சுடாத பாலிமரில் இருக்கும் நெகிழ்வூட்டும் எண்ணெய் தெர்மாகோலை அரிக்கும், ஓவன் சூட்டில் மிச்சமும் உருகிவிடும்.

குறை என்னவென்றால் தண்ணீர். எவ்வளவு நன்றாகக் காய்ந்தாலும் ஈரம் பட்டால் மறுபடி இளகும். எல்லாப் பக்கமும், உள்பக்கம் உட்பட, வார்னிஷ் பூச வேண்டும். உப்புத்தாள் போடும்போது முகமூடி அணியுங்கள், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது.

பதிவு 7 | மண்விரல்

பழந்துணி அக்கா, இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் வாதத்தில் இருக்கும் நியாயம் புரிகிறது. ஆனால் தையல் மட்டுமே போதும் என்றால் ஒரு சிக்கல் இருக்கிறது. துளை வழியாகப் போகும் நூல் களிமண்ணின் விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கும். தலையைத் திருப்பும் பொம்மையில் அது ஒருநாள் அறுந்துவிடும். அதனால்தான் பசையையும் சேர்த்தேன்.

நம் இருவருக்கும் சம்மதமாகிற வழி ஒன்று இருக்கிறது. திரவ பாலிமர் களிமண் என்று கிடைக்கிறது, குழாயில் வரும் கெட்டிக் குழம்பு. முன்கையின் மேல் முனையில் பள்ளம் எடுத்துவிட்டு, சுடுவதற்கு முன்பே ஒரு பருத்திப் பட்டையின் கீழ் ஓரத்தில் இந்தத் திரவத்தை நன்றாக ஊறவைத்து, பள்ளத்தில் சுற்றி அழுத்துங்கள். மேலே ஒரு மெல்லிய களிமண் வளையம் போட்டு மூடிச் சுடுங்கள். அந்தச் சூட்டைப் பருத்தி தாங்கும். திரவம் இழைகளுக்குள் புகுந்து களிமண்ணோடு ஒன்றாக இறுகிவிடும். வெளியே வரும்போது களிமண் கையில் ஒரு துணிக் கழுத்துப்பட்டி முளைத்திருக்கும். அதற்கு மேல் எல்லாமே துணியோடு துணி தைப்பதுதான். உரசல் இல்லை, பசையும் இல்லை, பிரிக்க வேண்டுமானால் தையலைப் பிரித்தால் போதும். தோள்தகட்டுக்கும் இதையே செய்யலாம்.

செயற்கை இழைத் துணி இதற்கு வேண்டாம், சூட்டில் சுருண்டுவிடலாம். பருத்தி அல்லது லினன் மட்டும். சுடுவதற்கு முன் துணியைத் துவைத்து, சுருங்குவதெல்லாம் சுருங்கி முடித்திருக்க வேண்டும்.

பதிவு 8 | பழந்துணி

இது அருமையான வழி. துணியோடு துணி என்று வந்துவிட்டால் எனக்கு வேறு பேச்சில்லை. பட்டையின் மேல் ஓரத்தை நூல் பிரியாமல் மடித்து வைத்துக்கொள்ளுங்கள் நூலிழை. பஞ்சு அடைத்த உடம்பில் தைக்கும்போது இரட்டை நூல், மெழுகு தேய்த்தது.

ஒட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அருங்காட்சியகங்களில் பாராலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்துப் பயன்படுத்துகிறார்கள். மஞ்சளாகாது, வேண்டும்போது அசிட்டோன் தொட்டே கழற்றலாம். மரம், உலோகம், பீங்கானுக்கு நல்லது. சுட்ட பாலிமர் களிமண்ணில் மட்டும் வேண்டாம், அசிட்டோன் அதன் மேல்பரப்பைக் கரைத்துவிடும்.

பதிவு 9 | கம்பிக்கூடு

மண்விரலின் துணிப்பட்டியை ஏற்கிறேன், அதை முன்கூட்டியே திட்டமிட்டால்தான் செய்ய முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன். சுட்ட பிறகு நினைத்தால் முடியாது.

தலை திரும்புவது பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. நூலிழை, நீங்கள் கேட்பது "திருப்பி வைத்த தலை"யா, "திருப்பக்கூடிய தலை"யா? இரண்டும் வேறு. பார்வையாளர் தொடாத பொம்மை என்றால் திருப்பத்தைக் களிமண்ணிலேயே செய்துவிடுங்கள். தலை திரும்பும்போது காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை ஒரு தசை புடைக்கும். வயதானவர்களுக்கு அது கயிறுபோலத் தெரியும். அந்த ஒரு கோடு வந்துவிட்டால் தலை உண்மையாகத் திரும்பியிருக்கும். திருப்பக்கூடிய தலை வேண்டுமென்றால் கழுத்துக்குள் ஒரு மரக்குச்சி, தோள்தகட்டில் அதற்கான குழி, இரண்டும் சேரும் கோட்டை மறைக்க உயர்ந்த கழுத்துப்பட்டி வைத்த சட்டை. தசையைக் காட்ட முடியாது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

பதிவு 10 | நூலிழை

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. திருப்பி வைத்த தலைதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். கம்பிக்கூடு சொன்ன அந்தத் தசைக்காகவே.

முழு அளவுப் படம் வரைந்தேன். வரைந்த பிறகு வந்த கேள்விகள். தலை எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? வயது எங்கே தெரிய வேண்டும்? சுருக்கம் மட்டும் போட்டால் இளம்பெண்ணின் முகத்தில் கோடு கிழித்ததுபோல இருக்கிறது. கண்ணைக் கண்ணாடியில் வைப்பதா, வரைவதா? பழைய புடவைகளிலிருந்து எடுத்த லேஸும் பட்டும் கைவசம் இருக்கின்றன, அவற்றைப் போடலாமா?

பதிவு 11 | மண்விரல்

வளர்ந்தவரின் உயரம் சுமார் ஏழரைத் தலை. அந்தக் கணக்கில் 40 செ.மீ.க்குத் தலை 5.3 செ.மீ. வரும். பொம்மையில் அது சின்னதாகத் தோன்றும், முகத்தில் வேலை செய்யவும் இடம் போதாது. ஆறு தலை கணக்கு எடுத்தால் 6.5 செ.மீ. சொச்சம். அதையே வைத்துக்கொள்ளுங்கள். கையை மட்டும் சின்னதாக்கிவிடாதீர்கள். தாடையிலிருந்து நெற்றியின் நடுப்பகுதியைத் தாண்டி வர வேண்டும். மடியில் கை வைத்திருக்கும் பொம்மையில் முகத்துக்கு அடுத்து எல்லாரும் பார்ப்பது கையைத்தான்.

வயது பற்றி நீங்கள் கவனித்தது சரி. சுருக்கம் கடைசியில் வருவது. அதற்கு முன் எலும்பும் சதையும் மாற வேண்டும். நெற்றிப்பொட்டு குழிய வேண்டும், கன்னத்தின் சதை இறங்கித் தாடைக்கோட்டை உடைக்க வேண்டும். மேல் இமை கண்ணின் வெளிமூலையில் தொங்க வேண்டும். மூக்கு நுனி இறங்கும், காதின் மடல் நீளும். உதடு மெலிந்து உள்ளே போகும். இதெல்லாம் ஆனபிறகு, சுருக்கம் எங்கே வேண்டும் என்று முகமே சொல்லும். கோடாகக் கிழிக்காதீர்கள். களிமண்ணின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து அதன்மேல் மழுங்கிய ஊசியால் அழுத்துங்கள். பள்ளத்தின் இரு ஓரமும் உருண்டையாக வரும். தோல் மடிவது அப்படித்தான்.

முகத்தின் இரண்டு பக்கமும் ஒன்றாக வர வேண்டும் என்று அளவுகோல் வைக்காதீர்கள். ஒரு புருவம் கொஞ்சம் உயர்ந்திருந்தால் கூப்பிட்ட குரல் அவருக்குக் கேட்டது என்று தெரியும். இந்தப் பகுதிக்கு எத்தனை நேரம் வேண்டுமானாலும் கொடுங்கள். சுடாத பாலிமர் காய்ந்துபோகாது, துணி படாமல் மூடி வைத்து மறுநாள் பார்த்தால் தவறுகள் தானாகத் தெரியும். கண்ணாடியில் பிம்பமாகப் பார்ப்பதும் உதவும்.

நிறம்: சுடுவதற்கு முன் சாக் பேஸ்டலைத் தூளாக்கி மென்மையான தூரிகையால் கன்னத்திலும் மூக்கு நுனியிலும் விரல்கணுக்களிலும் தடவினால் தோலுக்குள்ளிருந்து வரும் சிவப்புபோல இருக்கும். சுட்ட பிறகு, பழுப்பு அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்து முகம் முழுக்கப் பூசி உடனே துடைத்துவிடுங்கள். சுருக்கத்தில் மட்டும் தங்கும். கடைசியில் தண்ணீர் சார்ந்த மேட் வார்னிஷ். நகப்பாலிஷும் சாதாரண ஸ்ப்ரே வார்னிஷும் கூடவே கூடாது. பாலிமரோடு வினைபுரிந்து என்றைக்கும் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

பதிவு 12 | தக்கை

கண்ணுக்கு என் பதில் கண்ணாடி. 6.5 செ.மீ. தலைக்கு 6 முதல் 8 மி.மீ. விட்டம் சரியாக இருக்கும். பெரிதாக வைத்தால் வயதான முகம் உடனே குழந்தையாகிவிடும். கண்ணாடிக் கண்ணை வைத்தே சுடலாம். அக்ரிலிக் கண் ஓவன் சூட்டில் உருக்குலையும், அதைச் சுட்ட பிறகுதான் பொருத்த முடியும். கருவிழி முழு வட்டமாகத் தெரிந்தால் திடுக்கிட்ட பார்வை வரும். மேல் இமை அதன் மேல்விளிம்பைக் கொஞ்சம் மூடட்டும். தலை திரும்பும் பக்கத்துக்குக் கண் தலையைவிட ஒரு படி அதிகமாகத் திரும்பியிருக்க வேண்டும். கூப்பிட்டால் முதலில் போவது பார்வைதானே.

மோஹேரைக் கொத்தாக ஒட்டாதீர்கள். பிடரியில் தொடங்கி உச்சி வரை மெல்லிய வரிசைகளாக, ஒன்றின் வேரை அடுத்தது மறைக்கும்படி வையுங்கள். வயதானவர் என்பதால் நெற்றியோரத்தில் மிக மெலிதாக, தலைத்தோல் தெரியும் அளவுக்கு. வேண்டியதைவிடக் குறைவாகவே போடுங்கள். பழந்துணி அக்காவுக்குப் பசை பிடிக்காது என்று தெரியும். மெல்லிய துணியில் ஒரு குல்லாய் தைத்து, முடியை அதில் தைத்து, குல்லாயைத் தலையில் பொருத்தினால் அவருக்கும் மனத்தாங்கல் இருக்காது.

பதிவு 13 | பழந்துணி

குல்லாய் யோசனைக்கு நன்றி தக்கை. நானும் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய துணி பற்றி. பருத்தி லேஸ் என்றால் தாராளமாகப் போடுங்கள். குளிர்ந்த நீரில் மிருதுவான சோப்பில் அலசி, நிழலில் விரித்துக் காயவைத்த பிறகு. பட்டுத் துணியை மட்டும் சோதித்துப் பாருங்கள். ஒரு மூலையை மெதுவாக மடித்து விரலால் அழுத்துங்கள். மடிப்பில் கீறல் விட்டால் அந்தப் பட்டுக்கு ஆயுள் முடிந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னும் பட்டுக்குக் கனம் கூட்ட உலோக உப்புகளில் ஊறவைக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. அப்படிப் பதப்படுத்திய பட்டு தொடாமல் வைத்தாலும் தானாகக் கிழியும். அதை உடுத்திவிட்டு யாராலும் காப்பாற்ற முடியாது.

புதுத் துணியைப் பழையதாகக் காட்ட டீ டிகாஷனில் நனைப்பவர்கள் உண்டு. அந்த நிறம் எனக்கும் பிடிக்கும், ஆனால் டீயில் இருக்கும் டானின் காலப்போக்கில் இழையைப் பலவீனமாக்கும். சாயம் போகாத நல்ல துணிச்சாயத்தை மிக நீர்த்து நனைப்பது நல்லது.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. துணியின் நெசவு பொம்மையின் அளவுக்குப் பொருந்த வேண்டும். 40 செ.மீ. உருவத்தில் தடித்த நெசவு சாக்குபோலத் தெரியும், பெரிய பூப்போட்ட துணி திரைச்சீலைபோலத் தெரியும். மெல்லிய மல், மெல்லிய பட்டு, பலமுறை துவைத்து மிருதுவான பருத்தி இவைதான் உடம்போடு ஒட்டி விழும். பாவாடைத் துணியை மூலைவாட்டில் வெட்டினால் முழங்காலில் இயல்பாக மடியும். அப்படியும் மடிப்பு நிற்காவிட்டால் உள்பக்கம் சில தையல் போட்டுப் பிடித்துவையுங்கள்.

உடம்புக்குக் காடா நல்ல தேர்வு. தையல் 1.5 மி.மீ. நெருக்கமாக இருக்கட்டும், இல்லையென்றால் பஞ்சு அடைக்கும்போது பிளக்கும். பஞ்சைச் சிறுசிறு துணுக்காக, ஒரு குச்சியால் ஓரத்திலிருந்து உள்ளே நோக்கி அடையுங்கள். உட்காரும் பொம்மைக்கு அடிப்பாகம் கனமாக இருக்க வேண்டும் என்பதால் இடுப்பில் ஒரு சின்னத் துணிப்பையில் கண்ணாடி மணலோ எஃகுக் குண்டுமணியோ வைத்துத் தைத்துவிடுங்கள். தானியம் வேண்டாம், பூச்சி வரும்.

ஒரு செய்தியும் சொல்லிவிடுகிறேன், நம் எல்லாருடைய பொருள்களும் அதில் இருப்பதால். ஜெர்மன் பொம்மைக் கலைஞர் கேத்தே க்ரூஸ 1905இல் மகளுக்காகச் செய்த முதல் பொம்மை, ஒரு துண்டில் மணலைக் கட்டி, தலைக்கு உருளைக்கிழங்கு வைத்தது. 1910இல் பெர்லினில் காட்சிக்கு வைத்த பிறகு அவருடைய துணிப்பொம்மைகள் உலகமெங்கும் போயின. அவருடைய இன்னொரு மகள் சோஃபி உருவாக்கிய செயற்கைக் களிமண்தான் 1960களில் ஒரு ஜெர்மன் நிறுவனத்துக்குப் போய் ஃபிமோ ஆனது. துணிப்பொம்மைக்காரர் வீட்டிலிருந்து வந்த களிமண் அது.

பதிவு 14 | புதுஊசி

தக்கை சொன்னபடி தலையை இரண்டாக வெட்டிக் கண் பொருத்திவிட்டேன், வெடிப்பு ஓரிரண்டு இடத்தில்தான். இந்த மாதிரிப் பொம்மையைச் சின்னக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? என் தங்கையின் குழந்தைக்கு 2 வயது.

பதிவு 15 | கம்பிக்கூடு

வேண்டாம் புதுஊசி. உள்ளே கம்பி, முகத்தில் பிடுங்கினால் வரும் கண், வாயில் போனால் கரையும் களிமண். அந்த வயதுக்குக் கம்பி, மணி, பொத்தான் எதுவும் இல்லாத, கண்ணை நூலால் தைத்த முழுத்துணிப் பொம்மை செய்யுங்கள். நூலிழையைக் கேட்டால் மாதிரிப்படமே தருவார்.

பதிவு 16 | நூலிழை

நிச்சயம் தருகிறேன் புதுஊசி, தனிச்செய்தி அனுப்புங்கள்.

என் திட்டத்தை இங்கே வைக்கிறேன், தவறு இருந்தால் சொல்லுங்கள். முழு அளவுப் படத்தில் சேர்க்கைகளைக் குறித்தாயிற்று. அடுத்து நானே கம்பியைக் கூடாக வளைத்து உட்காரும் நிலைக்குக் கொண்டுவருவேன், ஆனால் கழுத்துக் கம்பியை மட்டும் நீளமாக விட்டுவைப்பேன், முகம் கேட்கிற சாய்வுக்கு வெட்டிக்கொள்ளலாம். கம்பிக்கூடும் மண்விரலும் சொன்ன இரண்டையும் இப்படித்தான் சேர்க்க முடிகிறது. பிறகு தலையும் தோள்தகடும் கையும் பாதமும், துணிப்பட்டிகளோடு சேர்த்துச் சுடுவது. அதற்குப் பிறகு காடா உடம்பைக் கூட்டின்மேல் தைத்து அடைத்து, பட்டிகளை அதில் தைப்பது. உடை, கடைசியில் முடிக்குல்லாய்.

கடைசியாக ஒரு சந்தேகம். மோஹேரும் கம்பளி நூலும் இருப்பதால் பூச்சி வராமல் என்ன செய்வது? நாப்தலின் உருண்டை வாசம் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

பதிவு 17 | மண்விரல்

கழுத்துக் கம்பியை நீளமாக விடுவது சரி. முகம் முடியும் வரை தலையைத் தனியாக ஒரு குச்சியில் குத்தி வைத்து வேலை செய்யுங்கள், கூட்டில் வைத்து அவ்வப்போது சாய்வு பாருங்கள்.

பதிவு 18 | பழந்துணி

நாப்தலின் வேண்டாம் நூலிழை, பொம்மைக்கு நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. மோஹேரையும் கம்பளி நூலையும் வாங்கியவுடனே, பொம்மையில் சேர்ப்பதற்கு முன்பே, காற்றை வெளியேற்றிப் பிளாஸ்டிக் பையில் இறுக மூடி ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் 2 வாரம் வையுங்கள். புழுவும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும் வரை ஒருநாள் அப்படியே விடுங்கள், இல்லையென்றால் இழையில் ஈரம் கோத்துக்கொள்ளும். முடிந்த பொம்மையை ஃப்ரீசரில் வைக்க வேண்டாம், வண்ணமும் களிமண்ணும் அந்தக் குளிரில் விரிசல் விடலாம். பிறகு கண்ணாடிப் பெட்டியில், நேர்வெயில் படாத இடத்தில் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை முடியின் அடியிலும் பாவாடை மடிப்புகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைத் தூளோ சின்னக் கூடோ தெரிந்தால் உடனே இங்கே எழுதுங்கள். முடிக்குல்லாயைத் தைத்து வைத்திருப்பதால் அதை மட்டும் கழற்றிச் சரிசெய்துவிடலாம்.